கிழக்குப் பார்த்த குசினி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் கடல் தெரியும் வீடுகள் ஒரு பக்கம், காலி நகருக்குப் போகும் காலி வீதி தெரியும் வீடுகள் மறுபக்கம். எனக்கு வாய்த்தது வீதிப்பக்கம். வாங்கும்போது தரகர் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார், "கடல் காத்து வராது மிஸ், ஆனா வெயில் நல்லா வரும்." நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கடலை வாழ்நாளுக்குப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. வெயில் வந்தால் துணி காயும், தனியாள் எனக்கு அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

அந்த வெயில் காலையில் நேராக என் குசினிக்குள் வரும். அடுப்பு வைத்த மேடைக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் தகரக் கூரைகள், தண்ணீர்த் தாங்கிகள், ஒரு புடவைக்கடையின் பின்சுவர். அதற்கும் மேலே சூரியன் எழும்பும். இதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று எனக்குத் தெரியவந்தது எதிர்வீட்டுக்காரர்களால்தான்.

அவர்கள் வன்னிப் பக்கத்துக் கணவனும் மனைவியும். அவர் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கனடாவில். யுத்தத்தின் கடைசிக் காலத்தில், ஊரில் இருந்த உறவுகளை விட்டு எப்படியோ கொழும்புக்கு வந்து, எனக்கு நேர் எதிரே கடல் தெரியும் வீட்டை எடுத்தார்கள். என் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு. நடுவில் ஒரு பாய் விரித்தால் முடிந்துவிடும் நடைபாதை.

அவர்கள் வந்து சேர்ந்த மார்கழியின் கடைசியில் அவர் என் மணியை அடித்தார். தலையைப் படிய வாரி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

"அக்கா, ஒரு உதவி. தைப்பொங்கலுக்கு உங்கட குசினியில ஒரு பானை வைக்கலாமோ?"

அவருக்கு அப்போது அறுபது இருக்கும், எனக்கு ஐம்பதுதான். என்றாலும் அக்கா. வன்னிக்காரரின் மரியாதை அப்படி.

காரணத்தை விளக்கினார். பொங்கல் என்பது எழும்புகிற சூரியனைப் பார்த்து வைப்பது. அவர்கள் குசினியோ மேற்கைப் பார்த்தது. அங்கே பொங்கினால் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினால் செக்பொயின்டில் நிற்கிறவர்கள் வந்து என்ன ஏது என்று கேட்பார்கள். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் தமிழன் அடுப்புப் பற்றவைத்தாலும் விளக்கம் சொல்லவேண்டும்.

"நான் வேதக்காரி. உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"சூரியன் அதெல்லாம் விசாரிக்கிறேல்லை அக்கா," என்றார்.

எனக்கும் பொங்கல் தெரியாததல்ல. எங்கள் கத்தோலிக்கக் கோயிலிலும் தை முதலாம் நாள் பூசை முடிந்ததும் முற்றத்தில் பெரிய சட்டி வைத்துப் பொங்குவார்கள். பாதர் புது அறுவடை அரிசியை மந்திரிப்பார். இளைஞர் கூட்டம் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தும். எங்களுக்குக் கடதாசிக் கோப்பையில் ஒரு கரண்டி கிடைக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். எனக்குத் தெரிந்த பொங்கல் அவ்வளவுதான். யாருடைய வயல், யாருடைய அறுவடை, அந்தச் சூரியனுக்கும் எங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டதில்லை. கொட்டாஞ்சேனையில் எவனுக்கு வயல் இருந்தது?

அந்த முதல் பொங்கலுக்கு விடிய முன்னரே இருவரும் வந்துவிட்டார்கள். அவள் குளித்து, ஈரத் தலையில் துவாய் சுற்றியிருந்தாள். என்னிலும் சில வயது இளையவள். அடுப்பு மேடையில் மாவால் ஒரு சின்னக் கோலம் போட்டாள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வாழையிலை போட்டு நிறைகுடம் வைத்தாள். பானையின் கழுத்தில் இஞ்சியிலையும் மஞ்சளிலையும் கட்டினாள். சுவரில் என் இருதய ஆண்டவர் படம். அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். "அவரும் பாக்கட்டும்," என்றார் கணவர்.

பானையில் பசுப்பாலும் தேங்காயின் இரண்டாம் பாலும். மூவரும் ஜன்னலைப் பார்த்தபடி நின்றோம். பால் சூடேறி விளிம்புக்கு வந்தது, நுரைத்தது, வழிந்தது. வழிந்தது வலது பக்கமாக.

நான் கை தட்டப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஊரிலென்றால் அந்த நேரம் சீனவெடி கொளுத்துவார்களாம். இங்கே யாரும் வெடி கொளுத்தவில்லை, அதற்கெல்லாம் யாருக்குத் துணிவு? அந்தச் சத்தமில்லாத குசினியில் அவள் மெதுவாக, "தெற்கால பொங்கிப்போட்டுது," என்றாள்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பார்கள். கிழக்கென்றால் நல்லது. வடக்கென்றாலும் நல்லது. தெற்கு ஆகாது. தெற்கு எமனுடைய திசை, செத்துப்போனவர்கள் இருக்கிற பக்கம். கிழக்கைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் தெற்கு. என் குசினியில் அந்தப் பக்கம் இருந்தது குளிர்சாதனப் பெட்டி.

"சும்மா இரும். அடுப்பு சரிவா இருக்கு, அதுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தார். நிலம் அளந்த மனிதரின் கண் அல்லவா, சரியாகத்தான் பிடித்திருந்தார். மேடையைக் கட்டிய மேசன் பாஸ் மட்டம் பார்க்காமல் கட்டியிருக்கிறான். மேடையில் தோடம்பழத்தை வைத்தால் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் உருளும். அது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் அவளுக்கு மேசன் பாஸ் முக்கியமில்லை. அந்த வருடம் சித்திரைக்குள், வன்னியில் இருந்த அவளுடைய தம்பி செல் குண்டு விழுந்து செத்துப்போனான். செய்தியே கிழமைகள் கழித்துத்தான் வந்தது. அடுத்த வருடம் பொங்கல் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

அதற்கடுத்த தையில் அவர்தான் அவளை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கோலப்பொடி எடுக்கத் திரும்பிப் போனபோது, இடுப்பிலிருந்து எதையோ எடுத்து என் அடுப்பின் முன் வலது காலுக்குக் கீழே செருகினார். நான்காக மடித்த கடதாசி மட்டைத் துண்டு. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து மேடையைப் பார்த்தார், விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

அந்த வருடம் பால் அழகாகக் கிழக்கே வழிந்தது. ஜன்னல் பக்கத்து ஓடுகளெல்லாம் பால். அவள் அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்றும் தெரியாதவர்போல், "கண்டியோ, நான் சொன்னனான்," என்றார். நானும் மூச்சு விடவில்லை. என் குசினி, என் அடுப்பு, கள்ளத்தில் எனக்கும் பங்கு.

அதன் பிறகு வருடக்கணக்காக எங்கள் பொங்கல் தெற்கே போகவில்லை.

யுத்தம் முடிந்து, வெடி கொளுத்தலாம் என்று ஆனபிறகும் பொங்கல் என் குசினியிலேயே நின்றுவிட்டது. தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதே காலி வீதி நடைபாதையில் கரும்பும் மஞ்சள் செடியும் மாவிலையும் வந்து குவிந்துவிடும். புது மண்பானை அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரன் சலித்துப்போய், "ஐயா, பொண்ணு பாக்கவும் இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டீங்க," என்பான். மண்பானை காஸ் அடுப்பில் வெடிக்கும் என்று பயந்து அதில் மஞ்சள் நீரை நிரப்பி ஓரமாக வைப்போம். பொங்குவது அலுமினியப் பானையில். இதில் என்ன அர்த்தம் என்று நான் கேட்டால், "மண்பானை பாக்கிறதுக்கு வந்தது அக்கா," என்பார்.

பால் பொங்கியதும் அவர்தான் அரிசி போடுவார். சிவப்புப் பச்சையரிசியை இரண்டு கையாலும் அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றி, சூரியனைப் பார்த்துப் போடுவார். பிறகு வறுத்த பயறு. அரிசி நன்றாக அவிந்து மசிந்தபிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்து நின்றுவிடும் என்று அவள் என் கையிலிருந்து சர்க்கரைத் தட்டை வாங்கி எட்டத்தில் வைப்பாள். கடைசியில் தேங்காயின் முதற்பால், நெய்யில் பொரித்த கஜு முந்திரி, பிளம்ஸ் எனும் உலர்திராட்சை, ஏலம், கற்கண்டு. இறக்கினதும் வாழையிலையில் மூன்று படையல். முதலாவது சூரியனுக்கு. பிறகுதான் மனிதருக்கு.

அவர் முதல் வாயை வைத்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரே வசனம்தான். "சர்க்கரை காணாது." இனிப்புப் போதாதாம். அவருக்கோ நீரிழிவு. அவள் ஒவ்வொரு வருடமும் இரண்டாம் கரண்டியை அளவாக வைப்பாள்.

பொங்கல் நன்றி சொல்லும் நாள் என்று நான் ஒருமுறை சொன்னேன். கோயிலில் பாதர் பிரசங்கத்தில் சொன்னதுதான். அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டி மறுத்தார்.

"நன்றி பிறகுதான் வந்திருக்கும் அக்கா. முதல் வந்தது பெருமூச்சு. ஐப்பசி மழைக்குப் பயப்பிட்டு, கார்த்திகை வெள்ளத்துக்குப் பயப்பிட்டு, பன்றிக்கும் பூச்சிக்கும் பயப்பிட்டு நிண்ட மனிசன், கதிர் வீட்டுக்கு வந்த அண்டைக்குத்தான் மூச்சு விடுவான். அந்த மூச்சுத்தான் பொங்கல். இந்த வருசம் பட்டினி இல்லை எண்டு வானத்துக்குக் காட்டுறது."

"அப்ப நாங்க எதுக்குப் பொங்குறோம்? எங்க அரிசி சுப்பர்மார்க்கற்றில இருந்து வருது."

"எங்களுக்கும் ஒரு வருசம் போகுதுதானே. உயிரோட நிக்கிறம்தானே."

மிஞ்சிய பொங்கல் வீடு வீடாகப் போகும். கீழே வாசல் காவலுக்கு இருக்கும் சிங்கள மனிதர் என்னைத் தட்டோடு கண்டால், "கிரி இதிருணாத, நோனா?" என்பார். பால் பொங்கியதா என்று கேட்கிறார். அவர்களும் சித்திரைப் புதுவருடத்துக்குப் பாலைப் பொங்கவிட்டுத்தான் பாற்சோறு சமைப்பார்கள். எங்கள் சர்க்கரைச் சோற்றை அவர் வாழைப்பழத்தோடு பிசைந்து சாப்பிடுவார். யேசு பிறந்த நத்தாருக்கு என் கேக் எதிர்வீட்டுக்குப் போகும், தைக்கு அவர்கள் பானை என் வீட்டுக்கு வரும். இப்படியே போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின ஆவணியில் அவர் போய்விட்டார். பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. எதிர்க்கதவு திறந்து அவள் "அக்கா" என்று கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மகன் கனடாவிலிருந்து வந்தான். கிரியைகள் முடிந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்தது. அத்தனை நாளிலும் அவள் அழவில்லை. வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தாள், அவர்கள் அழுதால் தேற்றினாள். அவர் சட்டைகளை மடித்து அடுக்கினாள். எனக்கு அந்த அழாத கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மகன் போகும்போது எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுப் போனான். வீட்டை விற்பது, மாசியில் அம்மாவைக் கனடாவுக்கு எடுப்பது. நல்ல பிள்ளை. தாயைத் தனியே விடமாட்டேன் என்று நிற்கிற பிள்ளையை யார் குறை சொல்ல முடியும்? அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் வாய்நிறையத் திட்டியாவது இருக்கலாம்.

மார்கழி பாதியில் நான் கதையை எடுத்தேன். "தங்கச்சி, போகிறதுக்கு முதல் ஒரு பொங்கல் பொங்கிட்டுப் போங்க. நம்ம குசினியில."

"ஏலாது அக்கா. ஆட்டைத் திவசம் முடியேல்லை. செத்தவீடு."

ஒருவர் இறந்தால் ஒரு வருடம் முடியும்வரை அந்த வீட்டார் பொங்குவதில்லை. பொங்குகிற இடத்துக்குப் போவதுமில்லை. இது எனக்கும் தெரியும். ஆனால் கோபம் வந்துவிட்டது. "யாருக்குத் தெரியப் போகுது? என் வீடு செத்தவீடா? கதவைச் சாத்திட்டுப் பொங்குவோம்."

"எனக்குத் தெரியுமே அக்கா," என்றாள்.

வருடம் முடியும் ஆவணியில் அவள் இங்கே இருக்கமாட்டாள். அடுத்த தையில் பனிக்குள் எங்கோ ஒரு வீட்டில் இருப்பாள். இந்தக் கட்டடத்தில் அவள் பார்க்கக்கூடிய கடைசித் தை இதுதான், இதிலும் பானை வைக்கமுடியாது. இரண்டு நாள் எனக்கு நித்திரை சரியில்லை. மூன்றாம் நாள் நானாகவே போய்ச் சொன்னேன், "அப்ப நான் பொங்குறேன். நீங்க உங்க வாசலில நின்னு சொல்லித் தாங்க. உள்ளுக்கு வர வேணாம். செத்தவீட்டுக்கு அயலவர் பொங்கிக் கொடுக்கிறது உங்க வழக்கம்தானே? நான்தான் அயல்."

"சர்க்கரையை முந்திப் போட்டிடுவீங்கள்," என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கலன்று நானும் விடிய முன்னரே குளித்தேன். என் தலைமுடிக்குத் துவாய் சுற்றத் தேவையில்லை, இருந்தும் சுற்றினேன். நான் போட்ட கோலம் கோலமாகவே இல்லை. மண்பானை வாங்கிவந்து மஞ்சள் நீர் நிரப்பினேன். என் கதவையும் திறந்துவைத்தேன். அடுப்படியில் நின்று திரும்பினால் என் வாசல், அதற்கு நேரே அவள் வாசல். அவள் வெள்ளைச் சேலையில் படிக்குள்ளேயே நின்றாள், கால்விரல் நுனிகூட வெளியே வரவில்லை. நடைபாதை விளக்கு ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும் வகை. அது அணையும்போதெல்லாம் அவள் கையை உயர்த்தி ஆட்டுவாள். திரும்ப எரியும்.

"பாலுக்க தண்ணி விட்டனீங்களோ?"

"விட்டேன்."

"முதற்பாலை வேறயா வைச்சனீங்களோ?"

"வச்சிருக்கேன் அம்மா, வச்சிருக்கேன். நான் என்ன சின்னப்பிள்ளையா?"

பானையை அடுப்பில் வைக்கமுன் மட்டையைச் செருகினேன். அதை நான் முதல் நாளே மடித்து வைத்திருந்தேன். இந்த ஒரு பொங்கலாவது தெற்கே போகக்கூடாது. புருஷனைக் கொடுத்துவிட்டு, வீட்டையும் விட்டு, ஊர் பேர் தெரியாத ஊருக்குப் போகப் போகிறவளின் தலையில் தெற்கே வழிந்த பாலையும் கொட்டுவதா? அவளுக்கு அடுப்புத் தெரியாது, என் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது. அவரிடம் கற்றதுபோல விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அக்கா," என்றாள் பின்னாலிருந்து. "மட்டையை வைச்சிட்டீங்களோ?"

நான் திரும்பினேன். என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

"எந்த மட்டை?"

"முன்கால் மட்டை. ஒவ்வொரு தைக்கும் என்ர பால்மாப் பெட்டியில ஒரு மூலை வெட்டியிருக்கும் அக்கா. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சவர். நானும் அப்பிடியே விட்டிட்டன். எனக்காகத்தானே செய்தவர்."

கிழக்கே வழிந்ததைப் பார்த்து அழுதாளே, சிரித்தாளே, என் கையைப் பிடித்தாளே. அதெல்லாம் என்ன? கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. அவர் அவளுக்காக மட்டை வைத்தார், அவள் அவருக்காகச் சந்தோஷப்பட்டாள், நடுவில் நான் ஒருத்தி பெரிய இரகசியம் காக்கிறவள் மாதிரி நின்றிருக்கிறேன்.

"எடுங்கோ அக்கா அதை," என்றாள். "போன வருசமும் கிழக்காலதான் பொங்கினது. என்ன நல்லதைக் கண்டம்? இந்த முறை அது தன்ர பாட்டில பொங்கட்டும்."

"வேணாம் தங்கச்சி. மேடை சரிவு. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். எடுங்கோ."

எடுத்தேன். பானையை ஏற்றி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பால் மேலேறத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே புடவைக்கடைச் சுவருக்கு மேல் வானம் வெளுத்து, பிறகு சிவந்தது. எங்கோ தூரத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து, 'சுவாமி, இந்த ஒருமுறை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிடும்' என்று கேட்டேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவரை நான் அதற்கு முன் தொந்தரவு பண்ணியதில்லை. நுரை விளிம்பில் ஏறி ஒரு கணம் நின்றது. பிறகு வலது பக்கமாக, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, ஒரே ஓட்டமாக வழிந்தது.

"பொங்கினதோ?"

"பொங்கிடுச்சு."

"எந்தப் பக்கம் அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. இல்லை, தெரிந்திருக்கும். இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இந்தக் குசினியில் ஒன்றும் நடந்ததில்லை.

"தெற்கு," என்றேன்.

அவள் அசையவில்லை, நடைபாதை விளக்கு அணைந்துவிட்டது. இருட்டுக்குள் அவள் வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது. நான் அடுப்பைக் குறைக்கவும் மறந்து நின்றேன். தெற்கு என்று சொன்ன நாக்கை அறுத்தால் என்ன என்று இருந்தது.

"சரி அக்கா," என்றது குரல். "அவர் இப்ப அந்தப் பக்கம்தானே நிக்கிறார். முதல் அவருக்குப் போகட்டும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். ஆவணியிலிருந்து வராத அழுகை, வாய்விட்டு, வாசற்படியில் குந்தியிருந்து. விளக்கு திரும்ப எரிந்தது. நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடப்போனேன்.

"வராதேங்கோ!" என்று அந்த அழுகைக்குள்ளிருந்தே கத்தினாள். "அடுப்பை விட்டிட்டு வராதேங்கோ அக்கா. அரிசியைப் போடுங்கோ. சூரியன் எழும்பிட்டுது."

அரிசியை இரண்டு கையாலும் அள்ளினேன். அவர் செய்தமாதிரி பானையைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பாதி அரிசி மேடையில் சிந்தியது, தெற்கே வழிந்த பாலுக்குள்ளும் விழுந்தது. அதை நான் துடைக்கவில்லை. மிச்சத்தைப் போட்டேன்.

சர்க்கரையை முந்திப் போடவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசலிலிருந்து சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். இறக்கி, சூரியனுக்குப் படைத்து, ஒரு வாழையிலைத் துண்டில் போட்டு நடைபாதையைத் தாண்டிக் கொண்டுபோனேன். அத்தனை வருடமும் அந்த வாசலிலிருந்து என் வாசலுக்கு வந்த பொங்கல். அவள் எழும்பி இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு வாய் வைத்தாள். கண்ணீரோடு நன்றாக மென்றாள்.

"சர்க்கரை காணாது," என்றாள்.

மாசியில் போய்விட்டாள். எதிர்வீட்டில் இப்போது இளம் தம்பதி, நல்ல பிள்ளைகள், கதவு எப்போதும் சாத்தியிருக்கும். இந்தத் தைக்கும் நான் தனியாளாகப் பானை வைத்தேன். மட்டை வைக்கவில்லை. பால் மேலேறும்போது போன் அடித்தது, அவள்தான். அங்கே இன்னும் முதல் நாள் பின்னேரமாம், வெளியே பனி கொட்டுதாம். ஆட்டைத் திவசம் ஆவணியிலேயே முடிந்துவிட்டதால் தானும் விடியப் பொங்கப் போவதாகச் சொன்னாள். மகனின் அடுப்புக் கண்ணாடி அடுப்பு, துளியும் சரிவில்லையாம்.

"பொங்கினதோ அக்கா?" என்று கேட்டாள்.

"இப்பதான்."

"எந்தப் பக்கம்?"

"அவர் பக்கம்," என்றேன். அவள், அரிசியைப் போடுங்கோ என்றாள்.